நாற்பது வாய்க்கு ஒரு நாக்கு

பெங்களூரின் கிழக்குப் பக்கத்தில், மழை பெய்தால் படகும் பெய்யாவிட்டால் தண்ணீர் லாரியும் தேவைப்படுகிற ஒரு சாலையில், 'ஏழாம் பீப்பாய்' என்ற பெயரில் சொந்தமாகவே பியர் காய்ச்சி ஊற்றுகிற மதுக்கூடம் ஒன்று இருந்தது. அதன் பின்கட்டில் கிளாஸ் கழுவுகிற ஜெசிந்தாவின் நாக்கு, ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மதியம் ஒன்றரை மணிக்கு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நாற்பது பேருக்குப் பொதுவாகிப்போனது.

அன்றைக்கு அங்கே பியர் ருசி பார்க்கும் விழா. குடிக்க வருகிறவர்களுக்கு அந்த விழாவில் இடமில்லை. குடிப்பது வேறு, ருசி பார்ப்பது வேறு என்று வீட்டில் நம்ப வைத்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் இடம். அவர்கள் சென்ட் அடிக்காமல் வந்தார்கள், காலையிலிருந்து காபி குடிக்காமல் வந்தார்கள், பலகையில் வரிசையாக வைத்த ஆறு குட்டிக் கிளாஸ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்கள், சுழற்றினார்கள், மூக்கை நுழைத்தார்கள், ஒரு மிடறு எடுத்து இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் அனுப்பி வைத்தார்கள், அடுத்த கிளாஸுக்குப் போகும் முன் உப்பில்லாத பிஸ்கட் ஒன்றைக் கடித்து நாக்கைத் துடைத்துக்கொண்டார்கள். ஐம்பதுக்கு மதிப்பெண் போடுகிற தாளை நிரப்பி, மடித்து, கொடுத்து முடிக்கிறவரை பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றும் விதி வைத்திருந்தார்கள். ஒருவர் ருசி இன்னொருவர்மேல் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று அவர்களுக்குப் பயம்.

இந்த நாற்பது பேருக்கும் தலைமை நடுவர் ரகோத்தமன். விமானத் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மதுக்கூடத்துக்குப் பின்னாலேயே இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செயலாளர், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர். பியரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப் பையைப் போடுவார்கள் என்று எங்கோ படித்த நாளிலிருந்து, எந்த விழாவுக்குப் போனாலும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். அன்றைக்கும் கேட்டார். மென்பொருள் வேலையை உதறிவிட்டு பியர் காய்ச்ச வந்த முதலாளி ஆதர்ஷ், நெஞ்சில் கை வைத்து, "நம்ம பியர்ல மீன் வாடையே கிடையாது சார்" என்று சத்தியம் செய்தான்.

ஆறாவது பியர் ஆதர்ஷின் செல்லப்பிள்ளை. மூன்று மாதம் கண்விழித்துக் காய்ச்சிய கோதுமை பியர். உள்ளதைச் சொன்னால் அது சப்பென்று இருந்தது. கஞ்சித் தண்ணீரில் சோடா ஊற்றினால் எப்படியோ அப்படி. நடுவர்கள் அதை வாயில் வைத்த அதே நொடியில், பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், காலையிலிருந்து இருநூறு கிளாஸ் கழுவிய களைப்போடு ஜெசிந்தா டிபன் பாக்ஸைத் திறந்து, கத்தரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டாள்.

கூடத்தில் நாற்பது தலைகள் நிமிர்ந்தன. ஒருவரும் பேசவில்லை, விதி அப்படி. பேசியிருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். அவரவர் கண்ணை மூடி, அவரவர் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, 'கடற்காற்று', 'புகை', 'மழையில் நனைந்த தோணிக் கயிறு', 'சொல்ல முடியாத ஒரு ஏக்கம்' என்றெல்லாம் எழுதினார்கள். ரகோத்தமன் வாழ்நாளில் முதல்முறையாக ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது போட்டார். அந்த ஒரு மதிப்பெண்ணையும் எதற்குக் குறைத்தோம் என்று ராத்திரி முழுக்க வருத்தப்பட்டார்.

உண்மை செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. தங்கப் பதக்கம் வாங்கிய பியர் மறுநாளே மறுபடி சப்பென்று ஆகிவிட்டதே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஆதர்ஷ், தொட்டியின் குழாயைத் திருகி ஒரு கிளாஸ் பிடித்து வாயில் வைத்தால் முட்டைத் தொக்கு ருசிக்கிறது. கிளாஸை வைத்துவிட்டு வாயைக் கழுவினான். அப்போதும் முட்டைத் தொக்கு. தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தான்.

"ஜெசிந்தாக்கா, என்ன சாப்பிடறீங்க?"

"முட்டத் தொக்கு சார். வாசன வெளிய வருதா? ஃபேன் போடவா?"

"இன்னொரு வாய் எடுங்க."

"அய்யோ, உக்காருங்க சார், ஒரு தட்டுல வச்சித் தரேன்."

"எனக்கு வேணாம். நீங்க எடுங்க, சொல்றேன்."

அவள் ஒரு வாய் எடுத்தாள். எதிரே நின்ற ஆதர்ஷ் வெறும் வாயை மென்றான். "மிளகு" என்றான். "ஆமா சார்" என்றாள். "இப்ப வெங்காயம், கொஞ்சம் கருகினது." "பஸ்ஸுக்கு நேரமாயிடிச்சி சார், அதான்." அதற்குள் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் பரிமாறுகிற பையன்களைக் கூப்பிட்டு, நாங்கள் ஆர்டர் செய்யாத முட்டை எங்கள் வாய்க்குள் எப்படி வந்தது என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வேறு ஊராக இருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள், பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள், குறைந்தபட்சம் ஏன் எப்படி என்றாவது கேட்டிருப்பார்கள். இங்கே வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஜெசிந்தா குடியிருந்த அல்சூர்ச் சந்துக்கு அது சனிக்கிழமை சாயங்காலமே தெரியும். அவள் நாக்கு, கூப்பிட்டால் கேட்கிற தூரம்வரைக்கும் எட்டியது. அந்தச் சந்தில் கூப்பிட்டால் கேட்காத வீடே கிடையாது. பக்கத்து வீட்டு முனிரத்தினம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏ ஜெசிந்தா, ரசத்துக்குச் சீரகம் போட மறந்துட்டியா?" என்று கேட்டாள். "போட்டேங்க்கா, கம்மியா" என்று இவள் பதில் சொன்னாள். அதற்குமேல் பேச அதில் என்ன இருக்கிறது? யார் வீட்டுப் பால் பொங்கினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கிற இடம் அது. சர்க்கரை வியாதிக்கார ஆட்டோ டிரைவர் ஒருவர் மட்டும் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, இன்னைக்கு எம்பொண்ணுக்குப் பொறந்த நாளு, டாக்டரு என்னைய வாயக் கட்டுன்னுட்டாரு, எனக்காக ஒரு லட்டு சாப்பிடேன்" என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் பிட்டுப் பிட்டு, அவசரப்படாமல் சாப்பிட்டாள். அவர் ஆட்டோவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் பீப்பாயில் அவளுக்கு உயரமான நாற்காலி ஒன்று போட்டார்கள். நாற்காலியைக் கூடத்தில் போடவில்லை. சாப்பிடுகிறவரைப் பார்த்தால் தீர்ப்பு சாய்ந்துவிடும் என்று நடுவர்கள் சொன்னதால், பின்கட்டிலேயே தடுப்புக்குப் பின்னால், பெரிய புகைபோக்கி மின்விசிறிக்குக் கீழே போட்டார்கள். அவள் ஒவ்வொரு பியரிலும் ஒரு மிடறு எடுத்து வாயில் சுழற்றி வாளியில் துப்ப வேண்டும். கூடத்தில் நாற்பது பேர் காலிக் கிளாஸைக் கையில் பிடித்துச் சுழற்றிக்கொண்டு ருசி பார்ப்பார்கள். ஊரே கொண்டாடியது. ஒரு சொட்டு உள்ளே போகாமல் மாலை முழுக்கப் பியர் ருசித்துவிட்டு, வழியில் மறிக்கிற போலீஸ்காரரின் கருவியில் தைரியமாக ஊதிவிட்டுப் போனார்கள். விரதக்காரர்கள் வந்தார்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வந்தார்கள், குடிப்பதில்லை என்று பிள்ளைகள் தலையில் சத்தியம் செய்தவர்கள் சத்தியம் கெடாமல் வந்தார்கள். காலிக் கிளாஸில் நுரை இல்லாதது பார்க்க நன்றாக இல்லை என்று யாரோ எழுதிப்போட, கொஞ்சம் சோப்பு நுரையை மேலே வைத்துக் கொடுத்தார்கள். யாரும் குடிக்காத அந்தக் கிளாஸ்களையும் ஜெசிந்தாதான் கழுவினாள்.

பொதுச் சொத்து என்று ஆனபிறகு புகார் வராமல் இருக்குமா? அவள் பச்சை மிளகாயைக் கடித்தால் நாற்பது பேர் தண்ணீர் தேடினார்கள். பல்வலிக்குக் கிராம்பு வைத்துக்கொண்டால், 'உறுப்பினர்களைக் கலந்துகொள்ளாமல் கிராம்பு வைக்கப்பட்டது' என்று மூன்று பேர் எழுத்துமூலம் கேட்டார்கள். 'நேற்று நாலு மணிக்குப் பல்லிடுக்கில் கீரை நார் சிக்கியிருந்தது, ஒரு மணிநேரம் எடுக்கப்படவில்லை, இது அலட்சியம்' என்று இன்னொருவர். பின்பக்கத்துக் குடியிருப்புக்கும் அவள் நாக்கு எட்டியதால், ஏகாதசியன்று முப்பத்திரண்டு வீடுகளில் வெங்காயம் ருசித்துவிட்டது. அதில் ஒரு வீட்டில் துளசி தீர்த்தம் வாயில் இருக்கும்போதே ருசித்ததாம்.

கமிட்டி ஒன்று போட்டார்கள், அவசரக் கூட்டம் கூடியது. கருவாடு விஷயமும் அதில்தான் வெளியே வந்தது; ஆதர்ஷ் தேதியும் நேரமும் வைத்துக் கணக்குப் பார்த்து, ஆறாவது பியரில் எல்லோரும் ருசித்தது எது என்று மென்று விழுங்கிச் சொன்னான். ரகோத்தமன், நல்லெண்ணத்தோடு போட்ட மதிப்பெண்ணைத் திருத்துகிற வழக்கம் உலகத்தில் எங்கும் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். அந்தக் கோதுமை பியரின் தங்கப் பதக்கம் இன்றைக்கும் ஏழாம் பீப்பாயின் சுவரில் தொங்குகிறது. மூன்று நாள் அவர் வேப்பங்குச்சியால் பல் தேய்த்தார். நாலாம் நாள் முதல், ஜெசிந்தா என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று ஏழு பக்கத்துக்கு விதி எழுதினார்.

ஆனால் தினமும் ஒன்றரை மணிக்கு, மதுக்கூடத்தில் அவருக்கு ஒரு வேலையும் இல்லாத அந்த நேரத்துக்கு, தடுப்பை ஒட்டிய மேஜையில் வந்து உட்கார்ந்துவிடுவார். தட்டில் விதிப்படி தயிர்சாதமும் பூசணிக்காயும் என்று வாய் சொல்லும்போது ஒரு பெருமூச்சு விடுவார். கண்காணிப்பு என்று கேட்டவர்களுக்குச் சொன்னார்.

ஜெசிந்தா பூசணிக்காயைத் தின்றாள். வேலையை விட்டால் வேறு கதி இல்லை, மகளுக்கு நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. ஆறு நாளும் ஊரார் வாய்க்குத் தின்பதாக நினைத்துக்கொண்டு மென்றாள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததால்தான் அவளால் அது முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் ஆட்டுக்குடல் வாங்கி, சுண்ணாம்பு போட்டு அலசி, மஞ்சள் போட்டு அலசி, தேங்காயும் மிளகும் அரைத்து விட்டுக் குழம்பு வைத்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து தின்பாள். அன்றைக்குச் சந்து முழுக்க வெறும் சோறு வடித்தால் போதும்.

கார்த்திகை பிறந்ததும் அதற்கும் வந்தார்கள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றான் ஆதர்ஷ். கையில் புது ஒப்பந்தத் தாள். "ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிடறது திங்கட்கிழமை காலையில நாக்கு ஓரத்துல நிக்குதாம். மெம்பர்ஸ் எல்லாரும் சொல்றாங்க. அதனால ஞாயித்துக்கிழமையும் நம்ம லிஸ்ட்படி..."

"ஆறு நாளு உங்களுக்குக் குடுத்துட்டேன் சார். அது ஒண்ணுதான் என்னுது."

ரகோத்தமன் தொண்டையைச் செருமினார். "இதோ பாருங்கம்மா, நாங்க உங்களை ஒண்ணும் பட்டினி போடலை. நாக்குன்னு ஒண்ணு பலபேருக்குப் பொதுவா ஆயிட்டா, அதுக்குன்னு ஒரு பொறுப்பு வந்துடறதா இல்லையா?"

"நாக்கு என் வாயில கீது சார். உங்க பொறுப்ப உங்க வாயில வச்சிக்கோங்க."

ஆதர்ஷ் தரையைப் பார்த்துக்கொண்டே, திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் கமிட்டி வேறு ஆள் பார்க்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். வேறு ஆளின் நாக்கு எப்படி எட்டும் என்று கமிட்டி யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குடல் வாங்கினாள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கினாள். குழம்பு கொதிக்கும்போது முனிரத்தினம்மா மூச்சிரைக்க வந்து, "ஏய், சந்து முனையில காருங்களா நிக்குதுடி. பெரிய பெரிய காரு. எறங்கவும் மாட்டேங்கறாங்க, போகவும் மாட்டேங்கறாங்க" என்றாள். ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். எட்டு கார்கள், எஞ்சின் ஓடியபடியே, கண்ணாடி ஏற்றியபடியே, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உள்ளே ஒவ்வொரு காரிலும் ஒருவர் நேரே முன்னால் பார்த்து, பக்கத்துக் காரில் இருப்பவரைத் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் காரில் ரகோத்தமன். கண்காணிக்க வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவர் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் கட்டுகிற மாதிரி.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கோபத்துக்குள்ளேயே, பாவமே என்றும் இருந்தது. உள்ளே போய் ஒரு தட்டில் சூடாகச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, நல்ல துண்டாக நாலு எடுத்து வைத்து, சந்தே வாசலுக்கு வந்து பார்க்க, முனைவரைக்கும் நடந்துபோய் முதல் காரின் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி பாதி இறங்கியது.

"சாப்பிடுங்க சார்."

"நான்... சும்மா இந்தப் பக்கம்..."

"தெரியும் சார். சூடு ஆறிடும், சாப்பிடுங்க. ஆனா உங்க கையால எடுத்து, உங்க வாயால மெல்லுங்க. எனக்காக நான் சாப்புடுவேன், உங்களுக்காக நீங்கதான் சாப்புடணும்."

அவர் தட்டைப் பார்த்தார். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் ஏழு கார்களைப் பார்த்தார். ஏழு கார்களும் அவரைப் பார்த்தன. கண்ணாடி மெதுவாக ஏறி மூடிக்கொண்டது.

ஜெசிந்தா தட்டோடு திரும்பி வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள். மிளகு காரம் ஏறியது, தேங்காய் இனித்தது, குடல் பதமாக வெந்திருந்தது. "எப்படிக்கா, உப்பு?" என்று குரல் கொடுத்தாள்.

"எங்கடி? எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றாள் முனிரத்தினம்மா. ஆட்டோக்காரர் நாக்கை நீட்டிப் பார்த்தார். சந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. வந்தது எப்படியோ அப்படியே, சொல்லாமல் கொள்ளாமல், நாக்கு அவளுக்கே திரும்பியிருந்தது. அவள் இன்னொரு வாய் எடுத்தாள். இத்தனை நாள் பலபேர் நடுவில் கிடந்து தேய்ந்த ருசி இப்போது முழுசாக இருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முனிரத்தினம்மா உள்ளே போய்க் கிண்ணம் ஒன்றை எடுத்து வந்து, "சரி, ரெண்டு கரண்டி ஊத்து" என்று நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு கிண்ணங்கள் வந்தன. முனையில் கார்கள் மூன்று மணிவரை நின்றுவிட்டுப் போயின.

திங்கட்கிழமை, கையெழுத்து இல்லை என்று சொல்லத்தான் அவள் போனாள். ஆனால் கூடம் நிறைய நடுவர்கள், வெளியூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். ஆதர்ஷ் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னிக்கு மட்டும் உக்காருங்கக்கா, புதுசா காய்ச்சினது" என்றான். உட்கார்ந்தாள். பியரை மோந்து பார்த்து, வாயில் வைக்காமல் வாளியில் ஊற்றினாள். மணி ஒன்றரை ஆகியிருந்தது. பசித்தது. ஒப்பந்தத் தாளை மடித்து மேஜையில் வைத்து, அதன்மேல் சூடான டிபன் பாக்ஸை வைத்து, நேற்றைய குடல் குழம்பைப் பிசையத் தொடங்கினாள். தலைக்குமேல் மின்விசிறி வாசனையையெல்லாம் இழுத்துக்கொண்டு போனது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் காலிக் கிளாஸைச் சுழற்றினார்கள். வாயில் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு வந்திருக்குமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். இவர்களும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். பேனாக்கள் ஓடின.

ரகோத்தமன் மட்டும் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, கைகழுவப் போகிறவர் மாதிரி எழுந்து, தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். டிபன் பாக்ஸைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். மூடியில் ஒரு துண்டை வைத்து நகர்த்தினாள். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே கழுவாத கிளாஸ்களைத் தவிர யாரும் இல்லை. விரல் நுனியால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். கண்ணை மூடினார்.

"பூண்டு போட்டிருக்கேளா?" என்றார் மெதுவாக.

"போட்டிருக்கு சார்."

"இன்னொண்ணு..."

வைத்தாள். அதையும் தின்று, விரலைச் சப்பி, அவள் நீட்டிய சோப்பில் இரண்டு முறை கை கழுவி, வாயைக் கொப்பளித்து, கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் ஆதர்ஷ் தாள்களைப் பிரித்து ஒலிபெருக்கியில் வாசிக்கிற சத்தம் கேட்டது. 'அடக்கம்.' 'எதையும் திணிக்காத முதிர்ச்சி.' 'பனி உருகுகிற மௌனம்.' முப்பத்தொன்பது தாளிலும் நாற்பத்தைந்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. கடைசியாகத் தலைமை நடுவரின் தீர்ப்பு. ரகோத்தமன் எழுந்து நின்று, கணீரென்ற குரலில் தானே சொன்னார்: "விதிகளின் பலன் இன்னிக்குத்தான் தெரியறது. நூறு சதவீதம் சுத்த சைவம். ஐம்பதுக்கு ஐம்பது."

கைதட்டல் எழுந்தது. தடுப்புக்குப் பின்னால், வாய் நிறைய குழம்புச் சோற்றோடு இருந்த ஜெசிந்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்ததில் புரையேறி, மிளகுக் காரம் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் கொட்ட, உச்சந்தலையைத் தட்டிக்கொண்டு இருமினாள். கூடத்தில் நாற்பது பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை.